கார்த்திகைக்குப் பின்

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்பார்கள் நம் பெரியவர்கள். கர்ணன் விஷயத்தில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. மழை விஷயத்தில்தான், சோழமண்டலக் கடற்கரையின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்கச் சந்தேகம் வலுக்கிறது.

பழமொழி பொய் என்று சொல்ல வரவில்லை. குளிர்ந்துபோன ஆசிய நிலப்பரப்பிலிருந்து புறப்படும் வறண்ட வடகிழக்குக் காற்று, சூடு ஆறாத வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக் கொண்டு வந்து நம் கரையில் கொட்டுகிறது. தமிழ்நாட்டின் வருஷ மழையில் சுமார் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதுதான். அதிலும் ஐப்பசியும் கார்த்திகையுமே பெருமழைக் காலம். ஆனால் மழைக்கு ஈரம் தருகிற அதே வெதுவெதுப்பான கடல்தான் புயலுக்கும் அடுப்பு. அந்த அடுப்பு எந்தத் தேதியில் அணையும் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் பழமொழி கேட்டு நடப்பவர்கள் அல்லர். லாப நஷ்டம் பார்க்கிறவர்கள். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கும். அக்டோபர் 15-ந் தேதி வந்துவிட்டால் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். இனி இங்கே நிற்கக் கூடாது என்பது அதன் பொருள். டிசம்பர் 15-ந் தேதிதான் மறுபடி கொடிமரம் ஏறும். நடுவில் வந்து நின்ற கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கூடக் கிடைக்காது. அந்த இரண்டு தேதிகளையும் நம் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஐப்பசியும் கார்த்திகையுமேதான்! கடலோரத்துக் கிழவர்களும் லண்டன் வியாபாரிகளும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். இந்தக் கடற்கரையின் முதல் குளிர்கால வானிலை அறிக்கை என்று அந்தக் கொடிமரத்தைத்தான் நான் சொல்லுவேன்.

இந்தக் கணக்கை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1746-ம் ஆண்டே சாட்சி. அந்தச் செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னையைப் பிடித்தார். பணம் பெற்றுக் கொண்டு நகரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பருவம் மாறுமுன் கப்பல்களோடு போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். திருப்பித் தரவே கூடாது என்பது புதுச்சேரியிலிருந்த கவர்னர் டூப்ளேயின் பிடிவாதம். கடிதங்கள் போயின, வந்தன. தூதர்கள் போனார்கள், வந்தார்கள். காற்று மாறப் போகிறது என்பது இருவருக்கும் தெரியும். விட்டுக் கொடுக்கத்தான் இருவருக்கும் மனம் இல்லை. அக்டோபர் 13-ந் தேதி இரவு புயல் வந்தது. சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்களில் சில மூழ்கின, மற்றவை சிதைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் மாண்டார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அப்போது ஆங்கிலேயரின் காலண்டர் பதினோரு நாள் பின்தங்கியது. அவர்களுக்கு அன்று அக்டோபர் 2-ந் தேதிதான். ஒரே புயல், இரண்டு தேதி. கடல் எந்தக் காலண்டரைப் பார்த்து வந்திருக்கும்?

இங்கே குற்றம் மனிதர்களுடையது என்று சொல்லிவிடலாம். அடுத்த கதையில் அப்படிச் சொல்ல முடியாது.

1760-ம் ஆண்டின் இறுதி. புதுச்சேரியை நிலத்தில் அயர் கூட்டும், கடலில் அட்மிரல் ஸ்டீவன்ஸும் முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே லாலியும் அவர் படையும் பட்டினி கிடந்தார்கள். டிசம்பர் 15-ந் தேதி கடந்துவிட்டது. கார்த்திகை போய் மார்கழி பாதி ஆகிவிட்டது. பழமொழிப்படியும் சரி, கம்பெனிக் கணக்குப்படியும் சரி, இனிக் கடலைப் பற்றிக் கவலை இல்லை. 1761 புத்தாண்டையொட்டிய இரவில் பெரும் புயல் வந்தது. மூன்று கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. மூன்று கரையில் மோதி உடைந்தன. இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். கரையிலிருந்த முற்றுகைக் கூடாரங்களும் பறந்து போயின. அன்று பிரெஞ்சுக் கப்பல்கள் சில வந்திருந்தால் தென்னிந்தியச் சரித்திரமே வேறு விதமாகப் போயிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. இரண்டே வாரத்தில், ஜனவரி 16-ந் தேதி, புதுச்சேரி சரணடைந்தது.

அந்த மாலுமிகள் எந்த விதியையும் மீறவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. பருவம் என்பது பல வருஷங்களின் சராசரி. சராசரியில் யாரும் வாழ்வதில்லை; அவரவர்க்கு வாய்த்த ஓர் இரவில் வாழ்கிறார்கள், அல்லது சாகிறார்கள்.

தேதியை விட்டுவிட்டுக் கடலையே கவனிக்க வேண்டும் என்ற அறிவு மெல்ல மெல்லத்தான் வந்தது. 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் எழும்பியது. கல்கத்தாவிலிருந்த பிடிங்டன் என்பவர் மாலுமிகளின் குறிப்பேடுகளைச் சேகரித்து, இந்தப் புயல்கள் சுழன்று வருகின்றன என்று விளக்கினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848-ல் ‘சைக்ளோன்’ என்ற பெயரும் வைத்தார். 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்தது. அதன் பிறகுதான் சர்க்கார் விழித்துக் கொண்டது. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. கொடிமரத்தை இறக்கிய காலம் போய், துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றும் காலம் வந்தது.

கூண்டு வந்த பிறகும் மார்கழி சும்மா இருக்கவில்லை. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, வட இலங்கையைத் தாண்டி வந்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடல் கொண்டு போயிற்று. கார்த்திகை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்குமுன்பே மழை அதிகமா, குறைவா என்று அறிக்கை வந்துவிடுகிறது. பசிபிக் கடல் சூடேறும் ‘எல் நினோ’ ஆண்டுகளில் நமக்கு வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடுதல் என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். 2015-ல் அப்படித்தான் பெய்து சென்னை மூழ்கியது. மறு வருஷம் பருவமே பொய்த்தது, பயிர் கருகியது. ஆனால் அந்த வறண்ட 2016-ல்தான் டிசம்பர் 12-ந் தேதி ‘வர்தா’ புயல் வந்து சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போயிற்று. மழை குறைவான ஆண்டு என்று கேட்டவர், புயல் இல்லாத ஆண்டு என்று புரிந்து கொண்டிருந்தால் என்ன கதி?

அறிக்கைகள் வீண் என்று நான் சொல்லவில்லை. விதைப்பவனுக்கும் ஏரி காப்பவனுக்கும் பருவத்தின் கணக்கு வேண்டும். கட்டுமரம் தள்ளுகிறவனுக்கு அன்றைய இரவின் கணக்கு வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலை, ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஸ்டீவன்ஸின் கப்பல்கள் உடைந்த அதே கடற்புரம். அந்த இரவுக்கு 251 ஆண்டு நிறைய ஓரிரு நாளே பாக்கி. இந்தத் தடவை புயல் வரும் செய்தி முன்கூட்டியே வந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போகவில்லை. ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு ஒதுங்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். ஒதுங்க முடியாத பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்ற வார்த்தையை அந்த மரங்களை வளர்த்தவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வராது.