கண்ணாடிப் பேழையும் தவளையினமும்

வரலாறு எழுதுவோர் மன்னரையும் போர்களையும் விரித்துரைத்தல் பெருவழக்கு. சிறு கருவியொன்றினால் நாடுகளின் செல்வநிலை மாறிய வாற்றை ஆராய்தலும் வரலாற்று மாணவர்க்கு உரியதேயாம். வெப்பமண்டலக் காட்டுத் தவளைகளை வளர்ப்போர் இன்று அமைக்கும் ஈரப்பதன் மிக்க கண்ணாடிப் பேழை அத்தகைய கருவியொன்றின் வழித்தோன்றலாகும். அதன் வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் மருத்துவராக விளங்கியவர் நதானியேல் வாட் (1791 - 1868) என்பார். பன்னச் செடிகளை வளர்ப்பதில் அவர் பேரார்வங் கொண்டிருந்தார். ஆயின், நகரை மூடிய நிலக்கரிப் புகையினால் அவை பட்டுப்போயின. 1829ஆம் ஆண்டில் அவர் அந்துப்பூச்சியொன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலொன்றில் இட்டு மூடிவைத்தார். பகலில் மண்ணினின்றும் எழுந்த நீராவி கண்ணாடியிற் படிந்து, துளியாகி, மீண்டும் மண்ணையே சேர்ந்தது. சின்னாளில் அம்மண்ணிற் பன்னமொன்றும் புல்லொன்றும் முளைத்தன. வெளியே வாழமாட்டாத பன்னம் உள்ளே நீர் வார்ப்பாரின்றியே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் செழித்திருந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்த பின்னரே அஃது அழிந்தது.

இதன் பயனை வாட் உடனே உணர்ந்தார். அக்காலத்திற் கடல்வழி அனுப்பப்பட்ட செடிகளுட் பெரும்பாலானவை உப்புக் காற்றாலும் நன்னீர்க் குறைவாலும் இடைவழியில் மடிந்தன. 1833ஆம் ஆண்டில் அவர் இரு பேழைகளிற் செடிகளை அடைத்துச் சிட்னித் துறைமுகத்துக்கு அனுப்பினார். அவை உயிரோடு சென்று சேர்ந்தன. அடுத்த ஆண்டில் அதே முறையில் அவுஸ்திரேலியச் செடிகள் இலண்டனை அடைந்தன. தமது ஆய்வின் முடிபுகளை வாட் 1842ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இதனால் விளைந்தவை யாவை? றொபேட் போச்சூன் என்பார் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இத்தகைய பேழைகளில் ஏற்றி 1851ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பார் அமேசன் காட்டினின்றும் ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூப் பூந்தோட்டத்துக்குச் சேர்ப்பித்தார். அவற்றுட் சிலவே முளைத்தன. அம்முளைகளுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் 38 பேழைகளில் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கெனரத்கொடைப் பூந்தோட்டத்தில் அவை வேரூன்றின. 1913ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்டங்களின் றப்பர் அமேசன் காட்டு றப்பரை அளவில் விஞ்சியது. ஒரு நாட்டின் செல்வம் பிறிதொரு நாட்டின் மண்ணிற் பயிராயிற்று. விதை பிறந்த நாடு வறுமையுற்றது. கன்று வளர்ந்த நாட்டிலோ பயன் பெரிதும் ஆட்சியாளரையும் தோட்ட முதலாளிகளையுமே சார்ந்தது.

செடிக்கு உதவிய பேழை பின்னர் விலங்குக்கும் உரியதாயிற்று. நடு, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் நச்சுத் தவளைகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பொன்னிறமும் நீலமும் செம்மையும் மின்னும் இச்சிற்றுயிர்களின் தோலில் நஞ்சுண்டு. கொலம்பியாவின் பழங்குடியினராகிய எம்பெரா மக்கள் தமது ஊதுகுழல் அம்புகளில் இவற்றுட் சிலவற்றின் நஞ்சைப் பூசிவந்தனர். எனினும் அந்நஞ்சு தவளை தானே ஆக்குவதன்று. காட்டில் உண்ணும் எறும்பு, சிற்றுண்ணி முதலியவற்றினின்றும் பெறுவதாகும். ஆகவே பேழையிற் பிறந்து பழ ஈக்களை உண்டு வளரும் தவளையிடம் நஞ்சில்லை.

இத்தவளைகளுக்குரிய பேழையை அமைக்கும் முறையும் வாட் கண்ட உண்மையையே தழுவியது. அடியிற் பரற்கற்களைப் பரப்பி, மிகைநீர் அங்கே வடிந்து நிற்கவிடுவர். அதன்மேல் வலையொன்றை விரித்து, கரித்துண்டும் மரப்பட்டையும் கலந்த மண்ணை இடுவர். மேலே பாசியும் இலைச்சருகும் பரப்புவர். சருகினுள் வாழும் நுண்பூச்சிகள் கழிவைத் தின்று பேழையைத் தூய்மையாக்கும். அன்னாசிக் குடும்பத்துச் செடிகளையும் நடுவர். காட்டில் இவ்வினத்துத் தவளைகள் பல தம் வாற்பேய்களை முதுகிற் சுமந்து சென்று, அச்செடிகளின் இலைக்கக்கத்தில் தேங்கிய நீரில் விடும். ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமலும், வெப்பநிலை 22 முதல் 27 பாகை செல்சியசுக்குள்ளும் இருத்தல் வேண்டும். காற்றோட்டமும் சிறிது வேண்டும். முற்றாக மூடிய பேழையில் நோய் தலைகாட்டும். இதிலிருந்து வாட்டின் பேழையும் தவளைப் பேழையும் வேறுபடும் இடம் புலனாகும்.

நோய் பற்றிய செய்தியே இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதியாகும். வாஷிங்டன் நகரின் விலங்குக் காட்சிச்சாலையில் வளர்ந்த நீல நச்சுத் தவளையொன்று மாண்டது. அதன் தோலில் வாழ்ந்த பங்கசு, அதுகாறும் அறியப்படாத இனமென 1999ஆம் ஆண்டில் அறிஞர் அறிவித்தனர். உலகின் பல பகுதிகளிற் தவளையினங்கள் மறைந்தமைக்குக் காரணம் இப்பங்கசே என்பதும் அதன்பின் தெளிவாயிற்று. நாடுவிட்டு நாடு செல்லும் தவளை வாணிகம் அது பரவ உதவியது. முன்னர் 1987ஆம் ஆண்டிலேயே நச்சுத் தவளை வாணிகம் அனைத்துலக உடன்படிக்கையொன்றின் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத பங்கசு கட்டுப்பாட்டை அறியாது.

பனாமா நாட்டின் பொற்றவளை 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் காட்டிற் காணப்படவில்லை. அவ்வினம் இன்று காப்பகங்களின் பேழைகளிலேயே உயிர்வாழ்கின்றது. உயிரைக் கடல்கடத்திய கருவியின் வழிவந்த பேழையே ஓரினத்தின் இறுதிப் புகலிடமாயிற்று.

பேழையிற் குற்றமில்லை, குணமும் அதற்குரியதன்று. யாருடைய செல்வத்தை எங்கே சேர்த்தனர், எந்நோயை உடன் கொண்டுசென்றனர் என்பனவே வரலாறு கேட்கும் வினாக்கள். இன்று தவளைப் பேழையை அமைப்போரும் காட்டினின்றும் பிடித்த உயிரை நாடாது, காப்பிற் பிறந்ததையே பெற்று, புதிதாய் வந்ததைத் தனியே வைத்துப் பேணுவரேல், வாட்டின் போத்தல் தொடக்கிவைத்த வரலாறு நன்முறையில் தொடரும் என்க.