பெயர் மாறிய கிழங்கு – 4

1588-ஆம் ஆண்டு ஜனவரி 26. வியன்னாவில் தாவரவியலறிஞர் கரோலஸ் குளூசியஸின் கைக்கு இரண்டு உருளைக்கிழங்குகள் வந்து சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அனுப்பியவர் மோன்ஸ் நகர ஆளுநர் ஃபிலிப் த சிவ்ரி. அவருக்கு அவை போப்பாண்டவரின் தூதருடைய பரிவாரத்திலிருந்து கிடைத்தவை. கிழங்கோடு ஒரு பெயரும் வந்தது: தாரதூஃப்லி.

அந்தச் செடியின் நீர்வண்ண ஓவியம் ஆன்ட்வெர்ப் நகரின் பிளாண்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதில் மையால் ஒரு குறிப்பு: வந்த நாள், கொடுத்தவர் பெயர், தாரதூஃப்லி, அதோடு பெரு நாட்டின் 'பப்பாஸ்'. ஆண்டீஸ் மலைமக்கள் இட்ட பெயரும் இத்தாலியர் இட்ட பெயரும் ஒரே குறிப்பில் நிற்கின்றன. மன்னர்களின் சாசனங்களைவிட எனக்கு இந்தச் சிறு குறிப்பு பெரிது.

இத்தாலியில் 'தார்தூஃபோலோ' என்றால் ட்ரஃபிள் காளான். பன்றியையும் நாயையும் மோப்பம் பிடிக்கவிட்டு மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுப்பார்களே, அதுதான். புதிதாக வந்த கிழங்கும் மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. தெரிந்த பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

ஜெர்மானியர் வாயில் அது 'டார்டுஃபெல்' ஆயிற்று. அடுத்தடுத்து இரண்டு 'ட'. ஒரே ஒலி இப்படித் திரும்ப வந்தால் சில சமயம் நாக்கு ஒன்றை மாற்றிவிடும். முதல் 'ட' நழுவி 'க' வந்தது: கார்டோஃபெல். எல்லா ஊரும் அதை ஏற்கவில்லை. சில பகுதிகளில் 'மண் ஆப்பிள்' என்று பொருள்படும் எர்டாப்ஃபெல். வேறு சிலவற்றில் 'நிலப் பேரிக்காய்' என்னும் குருண்ட்பிர்ன. இந்த இரண்டாவது பெயர் எல்லை தாண்டி செர்பியரிடம் குரோம்பிர் ஆகவும் ஹங்கேரியரிடம் க்ரும்ப்ளி ஆகவும் வாழ்கிறது.

1756 மார்ச் 24. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் சைலீசியா அதிகாரிகளுக்கு ஓர் ஆணை அனுப்பினார். குடியானவர்களுக்குக் கிழங்கின் பயனை எடுத்துச் சொல்லுங்கள். ஒழுங்காக நட்டிருக்கிறார்களா என்று குதிரைப்படை வீரர்களை அனுப்பிப் பாருங்கள். அந்த ஆணையில் இருந்தது பழைய 'ட'தான்: டார்டோஃபெல்!

ஆகஸ்ட் 29. அதே மன்னரின் படை சாக்சனிக்குள் புகுந்தது. ஏழாண்டுப் போர் மூண்டது. அந்தப் போரில் பிரஷ்யரிடம் சிக்கினார் பிரெஞ்சுப் படையின் இளம் மருந்தாளர் ஒருவர். சிறையில் அவருக்குப் போட்ட சாப்பாடு இந்தக் கிழங்கு. அவர் பெயர் அந்துவான்-அகுஸ்தேன் பார்மாந்தியே.

விடுதலையாகி நாடு திரும்பியதும், எந்தப் பெயரைச் சொல்லி பிரான்ஸையே இதைச் சாப்பிட வைத்தார்?

(தொடரும்)