பாட்டுக்குப் பெயர் சொன்ன செயலி கடை திறந்த கதை

எங்கோ ஒரு பாட்டு ஒலிக்கிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் யார் பாடியது என்று தெரியவில்லை. கைபேசியைக் கொஞ்ச நேரம் நீட்டினால் போதும், ‘ஷசாம்’ என்ற செயலி பெயரைச் சொல்லிவிடும். பேரப்பிள்ளைகள் இதைச் செய்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இந்த வேலைக்கு யாரிடம் காசு வாங்குவது என்று அந்த நிறுவனம் பல ஆண்டுகள் தேடி அலைந்த கதை, அந்தக் கண்டுபிடிப்பைவிட எனக்குச் சுவையாகப் படுகிறது.

1999-ல் கிறிஸ் பார்ட்டன், பிலிப் இங்கில்பிரெக்ட், தீரஜ் முகர்ஜி, ஏவரி வாங் என்ற நால்வர் தொடங்கிய நிறுவனம் இது. 2002-ல் பிரிட்டனில் சேவைக்கு வந்தது. அப்போது ஸ்மார்ட்போனும் இல்லை, செயலியும் இல்லை. சாதாரண கைபேசியில் 2580 என்ற எண்ணை அழைக்க வேண்டும். (பொத்தான்களின் நடு வரிசையை மேலிருந்து கீழே அழுத்தினால் அந்த எண்தான், நினைவில் வைக்க எளிது.) போனைப் பாட்டின் பக்கம் நீட்டினால், சற்று நேரத்தில் அழைப்பு தானாகவே துண்டிக்கப்படும். பிறகு பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். அழைத்தவருக்குக் கட்டணம் உண்டு.

வித்தையைச் செய்தவர் ஏவரி வாங். பாட்டு முழுவதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஒலியில் ஓங்கி நிற்கும் புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றுக்கு இடையே உள்ள நேர இடைவெளியைக் குறித்துக்கொண்டார். வானத்தில் நட்சத்திரக் கூட்டத்தை அடையாளம் காண்பது போலத்தான். சுற்றிலும் பேச்சும் இரைச்சலும் இருந்தாலும் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடை திறந்தபோது அங்கே முதலில் வந்தவற்றில் ஷசாமும் ஒன்று. இப்போது பாட்டின் பெயருக்குக் கீழேயே ஐட்யூன்ஸில் வாங்கும் இணைப்பும் இருந்தது. வாங்கினால் ஷசாமுக்கு ஒரு சிறு கமிஷன். நம் ஊர் கேசட் கடைகளில் மெட்டை முணுமுணுத்தால், கடைக்காரர் படத்தின் பெயரைச் சொல்லி கேசட்டையும் கையில் கொடுத்துவிடுவாரே, அதே வியாபாரம்தான். ஆசை சூடாக இருக்கும்போதே பொருள் முன்னால் நிற்கிறது.

நடுவில் இலவசமாக மாதத்துக்கு 5 பாட்டுதான், அதற்கு மேல் வேண்டுமானால் காசு கொடுத்து வேறு பதிப்பை வாங்குங்கள் என்று ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அது நல்ல முடிவு என்பேன். ஆட்கள் அடிக்கடி வந்தால்தானே கடையில் ஏதாவது விற்கும்?

ஆனால் காலம் மாறியது. மாதச் சந்தா கட்டி எல்லாப் பாட்டையும் கேட்கலாம் என்று ஆனபிறகு தனிப்பாட்டு வாங்குவது குறைந்தது. ஷசாம் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. தொலைக்காட்சி விளம்பரங்களின் பக்கம் போனார்கள். 2012-ல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஏறக்குறைய பாதி விளம்பரங்களுக்கு ஷசாம் வசதி இருந்தது. விளம்பரம் ஓடும்போது போனை நீட்டினால் பரிசும் சலுகையும் கிடைக்கும். 2015-ல் கேமராவையும் சேர்த்தார்கள். புத்தகம், பத்திரிகை, பொருளின் உறை ஆகியவற்றில் ஷசாம் குறி இருந்தால் காட்டிப் பார்க்கலாம். அதே ஆண்டு முதலீட்டாளர்கள் நிறுவனத்தை 100 கோடி டாலராக மதிப்பிட்டார்கள்.

இதே ஆசையை எதிர்த்திசையிலிருந்து தொட்டுப் பார்த்தது அமேசான். அவர்களிடம் கடை ஏற்கெனவே இருந்தது, அடையாளம் காட்டும் கருவிதான் வேண்டும். 2014-ல் ஜெஃப் பெசோஸ் ஃபயர் போனை அறிமுகம் செய்தார். அதன் பக்கவாட்டில் ‘ஃபயர்ஃபிளை’ என்று ஒரு தனிப் பொத்தான். பாட்டு, சினிமா, புத்தகம், மளிகைச் சாமான் எதைக் காட்டினாலும் பெயரைச் சொல்லி, அமேசானில் வாங்கும் பக்கத்துக்குக் கூட்டிப்போகும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலர் என்று வந்த போன், இரண்டே மாதத்தில் 99 சென்ட்டுக்கு இறங்கியது. அந்தப் போனுக்காக அமேசான் 17 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. மறு ஆண்டே விற்பனையும் நின்றது.

விலை, செயலிப் பற்றாக்குறை என்று அதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். அவையும் உண்மைதான். ஆனாலும் எனக்குப் படுவது இது: ‘இது என்ன பாட்டு?’ என்று கேட்கிறவனுக்கு அது தெரியாமல் தவிப்பு உண்டு. மேசைமேல் இருக்கும் சோப்பு டப்பாவின் பெயர் அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது; அதைப் போனிடம் கேட்க எவருக்கும் தோன்றாது. ஷசாமின் விளம்பர, கேமரா முயற்சிகளிலும் இதே கோளாறுதான். கேள்வி கேட்பவனிடமிருந்து பிறக்கவில்லை, விற்பவனிடமிருந்து பிறந்தது.

2017 டிசம்பரில் ஆப்பிள் ஷசாமை வாங்குவதாக அறிவித்தது. பத்திரிகைகள் சொன்ன விலை சுமார் 40 கோடி டாலர், பழைய மதிப்பில் பாதிக்கும் கீழே. ஐரோப்பிய ஆணையம் விசாரித்து அனுமதித்தபின், 2018 செப்டம்பரில் கைமாற்றம் முடிந்தது. ஆப்பிள் முதலில் அறிவித்த மாற்றம், செயலியில் இருந்த விளம்பரங்களை எடுத்துவிடுவது. இப்போது ஐபோனில் ஷசாம் பொத்தான் போனுக்குள்ளேயே வருகிறது. பாட்டின் பெயரைச் சொல்கிறது. கூடவே ஆப்பிள் மியூசிக்கில் முழுப் பாட்டையும் கேட்க வழி காட்டுகிறது.