பாட்டைப் பெத்தவரும் வளர்த்தவரும்



மேடை நாடகப் பாட்டு நிலைக்கிறது எழுதினவராலேதான்னு எதிரணி அம்மா அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு பாட்டை வச்சு நான் பதில் சொல்றேன்.

1927 டிசம்பர். நியூயார்க் நகரத்திலே ‘ஷோ போட்’ என்ற இசை நாடகம் அரங்கேறுது. இசை ஜெரோம் கெர்ன், பாட்டு ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். மிசிசிப்பி ஆற்றங்கரையிலே மூட்டை தூக்குற ஜோ என்கிற கறுப்பினத் தொழிலாளி பாடுறான். பாட்டுப் பேரு ‘ஓல் மேன் ரிவர்’. நாம முதுகொடிய உழைக்கிறோம், இந்தக் கிழட்டு ஆறு அது பாட்டுக்கு ஓடுதேங்கிற ஏக்கம்தான் பாட்டு.

பால் ராப்சனை மனசிலே வச்சு உருவாக்கின வேஷம் அது. ஆனா முதல்லே பாடினவர் ஜூல்ஸ் பிளெட்ஸோ. ராப்சன் 1928-இல் லண்டன் மேடையிலே பாடினார். 1936-இல் சினிமாவிலும் பாடினார்.

யாருங்க இந்த ராப்சன்? அவர் அப்பா அடிமையாகவே பிறந்தவர். பதினஞ்சு வயசிலே தப்பிச்சு ஓடி வந்தவர். அப்படிப்பட்டவர் பிள்ளைக்கு ஏக்கம் மட்டும் போதுமா? 1930-களின் கடைசியிலே பாட்டிலே சில சொற்களை மாத்திட்டார். அலுப்பும் சாவு பயமும் இருந்த இடத்திலே, உயிர் இருக்கிறவரை போராடுவேன்கிற உறுதி வந்து உட்கார்ந்தது. மெட்டு அதேதான். பாடுற மனுஷன் நிமிர்ந்துட்டான்! (கைதட்டல்)

எழுதினவருக்கு இது பிடிக்கலே. அந்தக் கோபம் நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா, சோர்ந்து போனவனைப் பார்த்து எழுதினவர் அவர். சோர்ந்து போக மாட்டேன்னு நின்னவர் இவர்.

நின்னதுக்கு விலையும் கொடுத்தார். அரசியல் கருத்துக்காக 1950-இல் அமெரிக்க அரசு அவர் பாஸ்போர்ட்டை ரத்து பண்ணிச்சு. 1952 மே மாதம் என்ன செய்தார் தெரியுமா? கனடா எல்லைக்குப் போனார். அமெரிக்கப் பக்கம் லாரி மேலே ஏறி நின்னு, அந்தப் பக்கம் திரண்டிருந்த ஜனங்களுக்குப் பாடினார். மாத்தின இந்தப் பாட்டையும் பாடினார். ஆள் தாண்ட முடியாத கோட்டைப் பாட்டு தாண்டிடுச்சு! (கைதட்டல்) 1957-இல் கடலுக்கு அடியிலே போற டெலிபோன் கம்பி வழியா லண்டன் ஜனங்களுக்குப் பாடினார். 1958-இல்தான், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பாஸ்போர்ட் திரும்பக் கிடைச்சுது.

நடுவர் அவர்களே, ஹாமர்ஸ்டைன் இந்தப் பாட்டைப் பெத்தவர்; இல்லேன்னு சொல்லலே. ஆனா அதைத் தோளிலே தூக்கிட்டு முப்பது வருஷம் நடந்தவர் ராப்சன். வளர்த்தவர் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கன்னு கேட்டு அமர்கிறேன்.