ஆர்ட்டிகிள் என்றால் என்ன?

போன வாரம் அடுத்த வீட்டுப் பெண் ஒரு முத்திரைத்தாளைக் கொண்டு வந்து காட்டினாள். சி.ஏ. இண்டர் பாஸ் செய்துவிட்டாள். இங்கே ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் சேரப் போகிறாள். "தாத்தா, நீங்க கவர்மெண்டுல பேப்பர் பார்த்தவர். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ஆமா, அது ஏன் ஆர்ட்டிகிள்னு பேரு?" என்று கேட்டாள்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆர்ட்டிகிள் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 'ல, லா, லே' என்று வாத்தியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்த இலக்கணம்தான். இரண்டாவது, சட்டத்தின் ஷரத்து. 'ஆர்த்திக்ள் பிரெமியே' என்றால் முதல் ஷரத்து. இவள் கையில் இருந்தது அந்த இரண்டாவது வகை. குருவுக்கும் சீடனுக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தத்தின் ஷரத்துகளுக்குத்தான் ஆர்ட்டிகிள்ஸ் என்று பெயர். அந்த ஷரத்துகளுக்குக் கட்டுப்பட்டு வேலை கற்கிறவர் 'ஆர்ட்டிகிள்டு கிளார்க்'. நானும் வாழ்நாள் முழுவதும் கிளார்க் என்பதால் இந்தப் பெயர்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. 2006 வாக்கில் கிளார்க்கை எடுத்துவிட்டு 'ஆர்ட்டிகிள்டு அசிஸ்டெண்ட்' என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1880ல் அங்கே சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகளுக்கு அரச சாசனம் கிடைத்தது. ஐந்து வருடம் பயிற்சி, பட்டதாரி என்றால் மூன்று வருடம். பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. மாறாக, பையனின் தகப்பனார்தான் ஆடிட்டருக்கு 'பிரீமியம்' கட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான கினி கேட்டவர்களும் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை அந்த வாசலை எட்டிப் பார்க்கவே முடியாது.

இந்தியாவில் 1913ம் வருடத்துக் கம்பெனிச் சட்டம்தான் ஆடிட்டருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று முதலில் சொன்னது. 1918ல் பம்பாயில் அரசாங்கம் கணக்கியல் டிப்ளமோ ஆரம்பித்தது. ஜி.டி.ஏ. என்பார்கள். பரீட்சை பாஸ் செய்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற ஒரு கணக்காயரிடம் மூன்று வருடம் வேலை கற்க வேண்டும். புத்தகம் படித்து மட்டும் கணக்குத் தணிக்கை வராது என்பது அன்றே தெரிந்திருக்கிறது. பிறகு 1932ல் ஆடிட்டர் சான்றிதழ் விதிகள் வந்தன.

நான் அந்தப் பெண்ணிடம் சொன்ன கதை இதற்கு அடுத்த வருடத்துக் கதை. சென்னையில் சிவபோகம் என்று ஒரு அம்மா. 1907ல் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஒரு வருடம் சிறை போனவர். ஜி.டி.ஏ. படித்து, சி.எஸ். சாஸ்திரி என்கிற ஆடிட்டரிடம் பயிற்சியும் முடித்தார். ஆனால் சிறை சென்றவர் கணக்காயராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி தடுத்தது. அவர் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தார். 1933ல் இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆனார். சுதந்திரத்துக்குப் பின் 1955 முதல் 1958 வரை இன்ஸ்டிடியூட்டின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைவராகவும் இருந்தார்.

அந்த இன்ஸ்டிடியூட் பிறந்தது 1949 ஜூலை 1ல். வெள்ளைக்காரன் போன பிறகும் பிரீமியம் உடனே போகவில்லை. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், எங்கள் குடும்பத்திலேயே கணக்கில் கெட்டிக்காரர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஆடிட்டராக வேண்டும் என்று ஊரை விட்டுப் போய் ஒருவரைப் பார்த்தார். பிரீமியம் கேட்டார்கள். பெரியப்பாவிடம் இருந்தது ஒரு ஓட்டு வீடும் மூன்று பெண்களும். அண்ணன் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கடையில் கணக்கெழுதப் போய், முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். வருடா வருடம் பேலன்ஸ் ஷீட் முழுவதையும் அவரே தயார் செய்து வைப்பார். ஆடிட்டர் வந்து காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார். "கணக்கு என்னுது, கையெழுத்து அவருது" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிரான்சில் இதே பயிற்சிக்கு 'ஸ்தாஜ்' என்று பெயர். அங்கே கணக்காயர் தொழிலை ஒழுங்கு செய்யும் சட்டம் 1945 செப்டம்பர் 19ல் வந்தது. மூன்று வருடம் ஸ்தாஜ் முடித்து, கடைசியில் ஒரு 'மெமுவார்' எழுதிச் சமர்ப்பித்தால்தான் 'எக்ஸ்பேர் கோந்தாப்ள்' ஆகலாம். ஊர் வேறு, பெயர் வேறு. ஆனால் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுதான்.

இப்போது நம் நாட்டில் நடப்பது 1988ம் வருடத்து விதிகள். அதில் அடுத்தடுத்து இரண்டு விதிகள் இருக்கின்றன. 47வது விதி: பயிற்சிக்கு வருபவரிடம் பிரீமியம் வாங்கக்கூடாது. 48வது விதி: அவருக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க வேண்டும். ஊரின் ஜனத்தொகையைப் பொறுத்துத் தொகை மாறும். பெரிய தொகை இல்லைதான். சென்னையில் அதை வைத்து அறை வாடகைகூடக் கொடுக்க முடியாது என்று பிள்ளைகள் சொல்வது நியாயமே. ஆனால் வாங்கிய கை கொடுக்கிற கையாக மாறியிருக்கிறதே, அது சின்ன விஷயமா? மூன்று வருடமாக இருந்த பயிற்சியும் 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடமாகிவிட்டது. அதில் வேலை படியுமா என்பதை ஆடிட்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு, "தைரியமாகக் கையெழுத்துப் போடு. தாளில் ஒரு நகல் எடுத்து நீயும் வைத்துக்கொள்" என்றேன். அரசாங்கக் குமாஸ்தாவின் புத்தி அவ்வளவுதான். "தேங்க்ஸ் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அண்ணன் காலமாகிப் பல வருடம் ஆகிறது. இருந்திருந்தால் அந்த 47வது விதியை அவருக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.