சேற்று மண்ணும் இரத்தத்தின் காவலும்



செகிஞ்சான் வயல்களிலும் கோல சிலாங்கூர் தோட்டங்களிலும் காலில் பட்ட கீறலை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அதன் வழியே ஈரமண்ணில் வாழும் ஒரு கிருமி உடலுக்குள் புகக்கூடும். 1911-இல் இரங்கூனில் டாக்டர் விட்மோரும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமியும் அக்கிருமியைக் கண்டறிந்தனர். பின்னவர் பெயர் நமக்கு அந்நியமன்று! அந்நோய்க்கு 'மெலியாய்டோசிஸ்' என்று 1921-இல் பெயரிட்டவர்கள், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டான்டனும் பிளெட்சரும்.

அக்கிருமியின் மேலுறையிலேயே நஞ்சு இருக்கிறது. நஞ்சு இரத்தத்தில் கலந்ததும், அங்குள்ள ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டுபோய் வெள்ளணுக்களிடம் காட்டிக் கொடுக்கிறது. உடனே அவை உடலெங்கும் எச்சரிக்கை அனுப்புகின்றன. கிருமிகளைத் துளைத்துக் கொல்லும் வேறு புரதங்களும் உண்டு. இக்கிருமியோ அவற்றுக்கு எளிதில் மசிவதில்லை. எனவே போராட்டம் நீள்கிறது. எச்சரிக்கை அளவு மீறினால் இரத்தக் குழாய்கள் கசியும், இரத்த அழுத்தம் வீழும், சிறுநீரகம் ஓய்ந்துவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி. செப்டாசிடிம் என்னும் ஊசிமருந்து மரணத்தைப் பாதியாகக் குறைத்ததை, 1989-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு காட்டியது. காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்வோர், சேற்றில் வேலை செய்வதையும் சொன்னால், மருத்துவர் இரத்தத்தில் இக்கிருமியைத் தேடிப் பார்ப்பார்.