புகையிலை அட்டைகளில் வீர விருதுகள்

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. சிகரெட் பெட்டியில் வந்த சிறு பட அட்டையை நாம் அவ்வரிசையில் வைப்பதில்லை. எனினும், ஒரு பேரரசு தன் குடிமக்களுக்குப் புகழைக் கற்பித்த முறையை அறிவதற்கு அதுவும் சான்றேயாகும்.

மெல்லிய காகிதப் பெட்டி நசுங்காதிருக்கச் செருகப்பட்ட வெற்றட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படம் தாங்கத் தொடங்கியது. முன்புறம் படம், பின்புறம் சில வரி விளக்கம். பிரிட்டனில் புகைத்தவர்கள் பெரியவர்கள். அட்டைகளைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். பள்ளி நூலுக்கு முன்பே இவ்வட்டைகள் அவர்களுக்குப் பேரரசின் பாடத்தைச் சொல்லின.

போயர் போர்க்காலத்தில் இலண்டனின் டாடி நிறுவனம் விக்டோரியா கிராஸ் வீரர்களின் அட்டைகளை வெளியிட்டது. 1915 முதல் காலஹர் நிறுவனம் முதல் உலகப்போரில் அவ்விருது பெற்றோரை 200 அட்டைகளில் வரிசைப்படுத்தியது. 1927இல் நாட்டிங்காமின் பிளேயர் நிறுவனம் போர் விருதுகளையும் பதக்கங்களையுமே 90 அட்டைகளில் தந்தது.

இவ்வட்டைகளில் இருப்பதைப் போலவே இல்லாததும் நமக்குச் செய்தி கூறுகிறது. 1856இல் நிறுவப்பட்ட விக்டோரியா கிராஸ், இந்தியச் சிப்பாய்களுக்கு 1911 வரை மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே டாடியின் வீரர் வரிசையில் ஓர் இந்தியச் சிப்பாய் இடம்பெற வழியே இருக்கவில்லை. வீரம் இல்லாமையால் அன்று, விதி இடந்தராமையால்.

அவ்விதி நீங்கியபின் விருதை வென்ற முதல் இந்தியச் சிப்பாய், பஞ்சாபின் சக்வால் பகுதியைச் சேர்ந்த குதாதாத் கான். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹாலபேக்கில், தம் இயந்திரத் துப்பாக்கிக் குழுவின் ஏனைய ஐவரும் மாண்ட பின்னும் காயத்துடன் உயிர் பிழைத்தார். அடுத்த மாதமே பிரிட்டன் உதுமானியப் பேரரசுடன் போரில் இறங்கியது. இஸ்தான்புல்லில் ஜிஹாத் அறிவிக்கப்பட்டது. உதுமானிய சுல்தானைக் கலீஃபாவாகக் கருதிய முஸ்லிம் சிப்பாய்களின் உள்ளத்தில் அது எழுப்பிய வினாவை எந்தப் பதக்கமும் எழுதி வைப்பதில்லை.

சேகரிப்பாளர் எட்வர்ட் வார்ட்டன்-டைகரின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் 1995இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. குப்பைக்குப் போக வேண்டியவை ஆவணங்களாயின. அவற்றை ஆராய்வோர், வீரம் எது என்பதோடு, யாருடைய செயலை வீரமென எண்ண விதி இடமளித்தது என்பதையும் வினவுதல் வேண்டும். இவ்விரண்டாம் வினாவே பதக்கத்தின் வரலாற்றை மனிதரின் வரலாறாக்குகிறது.